மினெசாவா பஸ்ஸுக்குப் பூஜ்யம்

பின்சக்கரம் மூன்றாவது முறையாக வெறுமே சுழன்றது. ஒரிதோ சயோகோ காரை விட்டு இறங்கினாள். முழங்கால் வரை பனி. சக்கரத்துக்கு அடியில் திணிக்க ஏதாவது கிடைக்குமா என்று பின் சீட்டைத் துழாவினாள். சாக்கு இல்லை, மண்வெட்டி இல்லை. நகராட்சிக் காரில் இருக்க வேண்டியது எதுவும் நகராட்சிக் காரில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. போன வருஷத்து பட்ஜெட் புத்தகம் மட்டும் கிடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை.

ஒரு நொடி தயங்கினாள். அவளே வரி வரியாகச் சரிபார்த்த புத்தகம். பிறகு அதை நடுவில் பிளந்து டயருக்கு அடியில் செருகினாள். உள்ளே ஏறி மெல்ல மிதித்தாள். கார் உறுமிக்கொண்டு சமூக நல அத்தியாயத்தின் மேல் ஏறி, பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிட்டது.

மணி மூன்று பத்து. ஐந்து மணிக்குள் ஒரு காகிதத்தில் ஒரு சிவப்பு முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மினெசாவாவுக்கு பஸ் கிடையாது.

அந்த பஸ்ஸை நிறுத்தியவள் அவள்தான். விளையாட்டாக.

குராதானி நகராட்சியின் நிதிப் பிரிவில் சயோகோவுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே ஒரு நாடகம் நடக்கும். எல்லாத் துறைகளும் பணம் கேட்கும், நிதிப் பிரிவு வெட்டும். வெட்டும்போது, வெட்டவே கூடாத ஒன்றிரண்டைப் பார்த்துப் பார்த்துப் பூஜ்யமாக்கிவிட்டு, அந்தத் தொகையை ஓசைப்படாமல் ஓரமாக ஒதுக்கி வைக்கும். பட்டியல் வெளியானதும் அந்தப் பகுதி கவுன்சிலர் வந்து மேஜையைத் தட்டுவார். ஊர்த் தலைவர் முத்திரை குத்தி மீட்பு மனு கொடுப்பார். மேயர் பெரிய மனது பண்ணி, ஓரத்தில் இருந்த அதே பணத்தை எடுத்து நீட்டுவார். கவுன்சிலருக்கு ஓட்டு. மேயருக்குப் பெயர். ஊருக்கு, முன்பே இருந்த பஸ். திட்டு மட்டும் நிதிப் பிரிவுக்கு.

மலை மேல் இருக்கும் மினெசாவாவின் பஸ் பதினொரு வருஷமாக இந்த நாடகத்தின் கதாநாயகி. ஒவ்வொரு ஜனவரியிலும் செத்து, பிப்ரவரியில் பிழைக்கும். மேஜையைத் தட்டும் வேஷம் கசஹாயா என்கிற கவுன்சிலருக்கு. செப்டம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்து, பதவியை விட்டார். இடம் இன்னும் காலி. பூஜ்யம் போட்ட அன்று சயோகோவுக்கு இது தெரியாமல் இல்லை. கவுன்சிலர் போனால் என்ன, ஊர்த் தலைவரின் மனு தானாக வந்துவிடும் என்று நினைத்தாள். பதினொரு வருஷம் வந்தது, பன்னிரண்டாம் வருஷம் வராதா?

வரவில்லை.

போன வாரமே ஓரத்துப் பணத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசை நின்றுவிட்டது. வெந்நீர்க் குளியல்கூடத்தின் கூரை ஒழுகுகிறது. ஊர்த் திருவிழாவில் ஆடும் காளான் பொம்மைக்குப் புது உடுப்பு வேண்டுமாம். நகராட்சியே போய் மனு கொடுங்கள் என்று கேட்கக் கூடாது, கோரிக்கை கீழிருந்துதான் வர வேண்டும். அதனால் பனியில் சாலை ஓரம் தெரிய நட்டிருக்கும் பனிக்கம்பங்களைப் பார்வையிடப் போவதாக எழுதி வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். நிதிப் பிரிவு எதற்குப் பனிக்கம்பம் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரி குமகாயி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரால் முடிந்த உதவி அவ்வளவுதான்.

அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்று. மனுவில் முத்திரை குத்த வேண்டிய ஊர்த் தலைவர் ஹிராகா. அந்த பஸ் யாருக்காவது உயிர் என்றால் அது ஹிராகாவுக்குத்தான். எழுபத்தொரு வயது. செவ்வாய், வியாழன், சனி, கீழே ஆஸ்பத்திரியில் டயாலிஸிஸ். பஸ் ஓடுவதும் அதே மூன்று நாள். சர்க்கரை கண்ணையும் பிடித்துக்கொண்டதில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மினெசாவாவில் கார் ஓட்டுகிறவர்கள் மீதி இரண்டே பேர், இரண்டு பேருக்கும் எண்பது தாண்டியாயிற்று.

இந்த வாரம் மூன்று தடவை போன் பண்ணினாள். மூன்று தடவையும் ஒரே பதில். "பார்க்கலாம்."

மணி மூன்று நாற்பதுக்கு அவர் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றினாள்.

"யாரது, இந்தப் பனியில?"

"நிதிப் பிரிவுலேர்ந்து ஒரிதோ, தலைவரே."

"வெட்டறதுக்கு இங்கே இன்னும் என்ன மிச்சம்? என் தாடியா?"

போர்வை போட்ட சூட்டு மேஜைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஹிராகா. ஆள் நல்ல உயரம், ஒரு காலத்தில் மரலாரி ஓட்டிய தோள். இப்போது அந்தத் தோளில் ஸ்வெட்டர் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. ஊசி ஏற்றி ஏற்றி இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. மேஜை மேல் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சு. அவர் அவற்றைச் சாப்பிடக் கூடாது. வருகிறவர்களுக்காக வைத்திருந்தார்.

"உட்காரு, ஒரிதோ சான். கால் நனைஞ்சு போச்சு பாரு. உள்ளே நீட்டு."

காலை நீட்டினாள். அந்தச் சூட்டில் அப்படியே படுத்துவிடலாம் போலிருந்தது. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்கு வரவில்லை. பையைத் திறந்து காகிதத்தை எடுத்து ஆரஞ்சுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லாம் நானே எழுதிட்டேன். உங்க பேர், ஊர் பேர், காரணம். முத்திரை மட்டும் குத்துங்க. உங்க வீட்டு ஃபேக்ஸ்லயே அனுப்பிடலாம். அஞ்சு மணிக்குள்ள அங்கே விழுந்தாப் போதும், நிஜக் காகிதம் திங்கட்கிழமை வரலாம்."

"காரணம் என்னன்னு எழுதியிருக்கே?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீ எழுதினதைக் கேட்டேன்."

"'மினெசாவா மக்களின் மருத்துவத் தேவைக்கு இன்றியமையாதது.'"

"அழகா இருக்கு" என்றார் ஹிராகா. காகிதத்தைத் தொடவில்லை.

இருபத்தாறு வருஷத்தில் வெளியாள் எவரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுவது என்று மலை ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

"தலைவரே, அந்தப் பூஜ்யம் நிஜப் பூஜ்யம் இல்லை. பணம் தனியா இருக்கு. நீங்க கேட்டா குடுக்கறதுக்குன்னே எடுத்து வச்சது. நீங்க அதை நிஜம்னு நம்பிக்கிட்டு..."

ஹிராகா சிரித்தார். சிரிப்பு இருமலாகி முடிந்தது.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? பதினொரு வருஷம் கசஹாயா வீட்டுக்கு முள்ளங்கி ஊறுகாய் ஜாடி தூக்கிட்டுப் போனவன் நான். ஒரு தடவை சாக்கே குடிச்சுட்டு அவரே உளறிட்டார். 'ஹிராகா, உன் பஸ் எங்கேயும் போகாது, ஆனா நீ வந்து அழணும், இல்லேன்னா எனக்கு என்ன மரியாதை'ன்னாரு. ஊறுகாய் நல்லா இருந்துச்சுன்னும் சொன்னார்."

"தெரிஞ்சுமா கேட்காம இருக்கீங்க?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"காரணம் இருக்கு. சொல்றதுக்கில்லை. ஆரஞ்சு எடுத்துக்க."

அவள் ஆரஞ்சை எடுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது? உரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அது கோபக்காரர் முகமில்லை. ரோஷக்காரர் முகமும் இல்லை. கோபமோ ரோஷமோ என்றால் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியும். தினமும் பேசுகிற ஆட்கள்தான். இது வேறு.

வாசலில் எதுவோ தடாலென்று விழுந்தது. பனி வாரும் தகட்டு மண்வெட்டி. தொடர்ந்து ஒரு பெண் குரல், அனுமதி எல்லாம் கேட்காமல் உள்ளே வந்தது.

"நகராட்சி வண்டி நிக்குதே! குடுத்தாரா? இன்னும் முரண்டுதானா?"

பக்கத்து வீட்டு வதானுகி ஹிசாயே. எழுபத்தாறு வயது, ஐந்தடிக்கும் குறைவு, தலையில் கட்டிய துண்டிலும் பனி. சயோகோவைப் பார்த்து அவசரமாகக் குனிந்து வணங்கிவிட்டு, ஹிராகாவைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நிதிப் பிரிவு அம்மா, நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை. போன ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். பதினொரு வீடு. மனு குடுக்கலாம்னு பத்து கை தூக்கியாச்சு. முத்திரை வச்சிருக்கற கை மட்டும் மடியில கிடந்தது. ஏன்யான்னு கேட்டா, 'காரணம் இருக்கு'ங்கறாரு. பெரிய சாமியார் இவரு!"

"ஹிசாயே சான், டீ போட்டு வச்சிருக்கேன், குடிங்க."

"உங்க டீ யாருக்கு வேணும்? முத்திரையைக் குடுங்க."

சயோகோவுக்கு உயிர் வந்தது. ஊரே கேட்கிறது. எதிரே இருப்பது ஒற்றை ஆளின் பிடிவாதம். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பிடிவாதத்தைக் கரைத்தவள் அவள்!

"தலைவரே, போன வருஷக் கணக்கைப் பாருங்க. ஒரு நடைக்குச் சராசரி நாலு புள்ளி ரெண்டு பேர். ஊர் சுருங்கியும் ஆள் குறையல. இவ்வளவு பேர் நம்பியிருக்கற பஸ்ஸை..."

வதானுகி களுக்கென்று சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்தினாள். ஹிராகா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சிரிப்பு?" என்றாள் சயோகோ.

"ஒண்ணுமில்ல."

"வதானுகி சான்."

"சொல்லிடறேன், என்ன இப்போ? ஜெயில்லயா போடப்போறாங்க?" வதானுகி உட்கார்ந்தாள். "நாங்க முறை வச்சு ஏறறோம். செவ்வாய்க்கிழமை நானும் கீழ்வீட்டுக்காரரும் ஒசகாபே அம்மாவும். வியாழக்கிழமைக்கு வேற மூணு பேரு. சனிக்கிழமைக்கு வேற. இவரோட சேர்த்தா நாலு. நாலுக்குக் கீழே போனா பஸ்ஸை நிறுத்திடலாம்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

சயோகோ கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது.

சட்டம் இல்லை, அலுவலக வழிகாட்டி. நாலு வருஷத்துக்கு முன்னால் துணை மேயர் இந்த பஸ்ஸுக்குக் கல்லறை தோண்டிக்கொண்டிருந்தபோது, அவர் வாயை அடைக்க அவள் எழுதியது. 'ஒரு நடைக்குச் சராசரி நால்வருக்குக் குறையாத வரை சேவை தொடரும்.' அப்போது சராசரி நாலரை இருந்தது. பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டாள். குமகாயிகூட அன்றைக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு வருஷா வருஷம் நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி இரண்டு என்று வந்தது. பத்தொன்பது வீடு பதினொன்றாகியும் அந்த எண் ஏன் அசையவே இல்லை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல எண்ணை யார் குடைவார்கள்?

"கீழே போய் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? திரும்பற பஸ் மதியம் ரெண்டரைக்கு. அது வரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருப்போம். ஹீட்டர் போட்டிருப்பான், டிவி உண்டு. முன்னெல்லாம் அந்த ரிசப்ஷன் பொண்ணு 'உங்களுக்கு என்ன உடம்புக்கு?'ன்னு கேட்கும். ஒசகாபே அம்மா ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வியாதி சொல்லுவா. ஒரு தடவை புராஸ்டேட்டுன்னுட்டா! அதுலேர்ந்து அந்தப் பொண்ணு கேட்கறதை விட்டுடுச்சு."

ஹிராகாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அடங்கிவிட்டது.

"கஷ்டமா இல்லையா?"

"முட்டி வலிக்கும். அந்த பஸ் படி உயரம். மழை, பனின்னா எரிச்சலா வரும், பொய் சொல்லல. ஆனா இவருக்காகப் பண்ணாம யாருக்குப் பண்றது? என் வீட்டுக்காரர் போனப்போ பெட்டியைத் தோள்ல தூக்கினது இவரு. நாங்க யாராவது ஏற மாட்டோம்னு சொன்னோமா? சொல்லுங்க தலைவரே, சொன்னோமா?"

"சொல்லல" என்றார் ஹிராகா.

"அப்புறம் என்ன கேடு உங்களுக்கு?"

சுவர்க் கடிகாரம் நாலு ஐந்து காட்டியது.

சயோகோ எழுந்து, நடையில் ஃபேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு குமகாயிக்குப் போன் போட்டாள்.

"பனிக்கம்பம் எல்லாம் நேரா நிக்குதா?" என்றார் அவர்.

"சார், அந்த நாலு பேர் விதியை எடுத்துடலாமா?"

"எதை எடுக்கறது?"

"மினெசாவா பஸ் விதியை. நான்தானே எழுதினேன். நானே அடிச்சுடறேன். நீங்க கையெழுத்து போட்டாப் போதும்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒரிதோ, தூங்கி எத்தனை நாளாச்சு? அந்த எண் ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் நாலு வருஷமா நாம பொழைக்கறோம். அதை எடுத்தா, 'ஓ, ஆள் ஏறறதில்லையா?'ன்னு துணை மேயர் அரை நிமிஷத்துல மோப்பம் பிடிச்சுடுவார். மனுவும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், காளானுக்கு உடுப்பு தைங்கன்னுடுவார். ஏற்கனவே அளவு எடுத்தாச்சுன்னு கேள்வி."

"ஏறறதில்லைதான் சார்."

"எனக்கு அது கேட்கல. லைன் சரியில்ல." குரல் தணிந்தது. "மணி நாலு பத்து. இங்கே ஃபேக்ஸ் பக்கத்துல நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன். டீ குடிக்கக்கூடப் போகல. காகிதத்தை அனுப்பு, மத்ததை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அடுத்த வருஷம். பட்ஜெட்காரர்களுக்கு அதுதான் வலிநிவாரணி. இருபத்தாறு வருஷமாக அவளும் அதை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். விதி போகாது என்று சொன்னாள். போகாது என்று தெரிந்ததுதான் என்பது போல ஹிராகா தலையை ஆட்டினார்.

"அப்போ அடுத்த வருஷமும் ஏறணும். அதுக்கு அடுத்த வருஷமும்."

"ஏறறோம்ங்கறேன்!" வதானுகி மேஜையைத் தட்டினாள். கசஹாயாவே அவ்வளவு நன்றாகத் தட்டியதில்லை. "தோமி இருந்திருந்தா உங்க காதைத் திருகி முத்திரையை வாங்கியிருப்பா. பனியில விழுந்து இடுப்பு உடைஞ்சப்போ கூட என்ன சொன்னா? 'நான் ஏறினதா கணக்குல எழுதிக்கிட்டாங்களா'ன்னுதானே கேட்டா?"

ஹிராகா ஆரஞ்சுத் தட்டை ஒரு அங்குலம் நகர்த்தினார். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

நகுரா தோமி. சயோகோவுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். எண்பத்து நாலு வயதுக் கிழவி. போன வருஷம் ஜனவரியில் பஸ் நிற்குமிடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, மே மாதம் நிமோனியாவில் போய்விட்டாள். விழுந்த மூன்றாம் நாள் பட்ஜெட் கூட்டம். கண் டாக்டரைப் பார்க்க இந்த பஸ்ஸுக்காகப் பனியில் காத்திருந்த மூதாட்டி என்று சயோகோ எழுந்து நின்று வாசித்தாள். துணை மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருஷம் பஸ்ஸுக்கு அவர் குறுக்கே நிற்காததே அந்த ஒரு பத்தியால்தான்.

"தலைவரே," என்றாள். "நான் களைச்சுப் போயிட்டேன். கெஞ்சறதுக்குக்கூடத் தெம்பு இல்லை. தப்பு என் மேலதான். நான் பூஜ்யம் போடாம இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. என் தப்புக்கு உங்க உயிரை ஏன் பணயம் வைக்கறீங்க?"

"உன் தப்புன்னு யார் சொன்னா?" என்றார் அவர்.

நாலு நாற்பதுக்கு ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டார். விரல் நீளத்தில் ஒரு மரக்குழல். ஊரின் முத்திரை. மூடியைக் கழற்றினார். சிவப்பு மைப்பெட்டியைத் திறந்தார். பழக்கதோஷத்தில் முத்திரையின் அடிப்பாகத்தில் ஹா என்று ஊதினார். காகிதத்தின் மேல் கொண்டு போனார்.

கை அந்தரத்தில் நின்றது. பத்து எண்ணுகிற நேரம் நின்றது. பிறகு முத்திரையை மேஜை மேல் படுக்க வைத்தார்.

"டீ ஆறிப்போச்சு. வேற போடறேன்" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார்.

முத்திரை ஆரஞ்சுத் தட்டில் சாய்ந்து கிடந்தது.

வதானுகி முழங்கையால் இடித்தாள். "குத்துங்க" என்றாள் ரகசியமாக. "யார் கை குத்தினா என்ன? முத்திரை முத்திரைதானே. வேணும்னுதான் விட்டுட்டுப் போயிருக்காரு. ஆம்பளைங்க வாயால சொல்ல மாட்டாங்க."

உண்மைதான். சிவப்பு வட்டம் விழுந்தால் போதும், எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் லீவில் போனவர் மேஜை டிராயரிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தாத ஆள் உண்டா? குமகாயியின் முத்திரையையே அவள் வருஷத்துக்கு இருநூறு தடவை குத்துகிறாள்.

நாலு ஐம்பது. எடுத்துவிட்டாள். கட்டை இன்னும் அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மையில் தொட்டாள்.

"குத்தணும்னா குத்திக்க, ஒரிதோ சான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. தண்ணீர் பிடிக்கும் சத்தத்துக்கு மேலே, நிதானமாக. "நான் தடுக்கல. ஆனா அந்த பஸ்ல நான் ஏற மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூம் பார்த்து வச்சுட்டேன். மார்ச் ஒண்ணாம் தேதியிலேர்ந்து வாடகை. முன்பணம் குடுத்தாச்சு."

வதானுகியின் வாய் திறந்தபடி நின்றது.

"ரூமா? இந்த வீடு?"

"பூட்டிடுவேன்."

"பூட்டினா கூரைப் பனியை யார் தள்ளுவாங்க? ஒரே வருஷத்துல இடிஞ்சு உட்கார்ந்துடும்!"

"உட்காரட்டும்."

சயோகோ முத்திரையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் ஏறாவிட்டால் ஊரில் மற்றவர்களுக்கு டயாலிஸிஸும் இல்லை, அவசரமும் இல்லை. பென்ஷன் நாளில் கீழே போகிற பத்துக் கிழங்கள். அறுபத்தெட்டு லட்சம் யென்னுக்கு யாருமில்லாத பஸ். அதை நாலு பேர் பஸ்ஸாகக் காட்ட இவர்கள் மறுபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏற வேண்டும், இந்த முறை யாருக்காகவும் இல்லாமல். ஒருவேளை அவள் குத்தியே விட்டால், ஏறவும் ஏறுவார்கள். எண் விழக் கூடாதல்லவா?

கைக்குட்டையால் முத்திரையின் மையைத் துடைத்தாள். மூடியைப் போட்டாள். படுக்க வைத்தாள்.

ஃபேக்ஸ் மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கைபேசி இரண்டு தடவை அதிர்ந்தது, குமகாயி. அவள் எடுக்கவில்லை. அப்புறம் பள்ளத்தாக்கு முழுவதும் ஒலிபெருக்கிக் கம்பங்கள் ஒவ்வொன்றாக விழித்து, சாயங்கால ஐந்து மணி மெட்டை இசைத்தன. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் அரை நொடி இடைவெளி, அதனால் அந்த மெட்டு எப்போதும் தன்னையே துரத்திக்கொண்டு ஓடுவது போலக் கேட்கும். முடிந்தது.



வதானுகி எழுந்தாள். கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பிடிவாதக் கிழம்" என்றாள். "இருட்டறதுக்குள்ள உங்க வாசப் பனியையும் நான்தான் வாரணும். இல்லேன்னா நாளைக்கு பஸ் வரைக்கும் போகறதுக்குள்ள விழுந்து தொலைவீங்க." போகும்போது கதவை அறைந்து சாத்தினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டதால், திரும்ப வந்து மெதுவாகச் சாத்த வேண்டியிருந்தது.

ஹிராகா இரண்டு கோப்பை டீயோடு வந்து உட்கார்ந்தார். தன் கோப்பையில் இரண்டு விரற்கடை மட்டும். அவருக்கு அவ்வளவுதான் அனுமதி.

சயோகோ மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "இனிமே சொல்றதுல நஷ்டம் ஒண்ணும் இல்லையே. மணி அடிச்சாச்சு. நான் திரும்பப் போய் எதையும் மாத்த முடியாது. எனக்கு மட்டுமாவது சொல்லுங்க."

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தோமி சான் விழுந்தது எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

"கண் டாக்டர்கிட்ட போகும்போது. ஆபீஸ் ரிப்போர்ட்டுல இருக்கு. நான்தான் எழுதினேன்."

"உங்க ஆபீசுக்குக் கண் டாக்டர்னு சொன்னது நான். அவங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எண்பத்து நாலு வயசுல விளக்கு போடாம ஊசியில நூல் கோப்பாங்க."

"அப்போ... அன்னிக்கு அவங்க முறையா?"

"அதுவும் இல்லை." டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "மாசக் கடைசிச் செவ்வாய். அந்த மாசச் சராசரி சரியா நாலுல நின்னுது. உங்க கூட்டத்துக்கு மூணே நாள். காலையில எழுந்து பார்த்தா ஒரு ஆள் குறையுது. நான்தான் போன் பண்ணினேன். 'தோமி சான், மூணு பேர்தான் இருக்கோம், கொஞ்சம் வந்துடுங்க'ன்னேன். அடுப்புல சோயா சூப் வச்சிருக்கேன்னாங்க. 'அதெல்லாம் வந்து குடிச்சுக்கலாம், பஸ் வந்துடும்'னேன். சிரிச்சுட்டு, அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தாங்க. அவசரத்துல பனி பூட்ஸ் மாட்டல. வீட்டுச் செருப்போட வந்துட்டாங்க."

சயோகோவுக்கு அந்தப் பத்தி ஞாபகம் வந்தது. நிறுத்தி நிறுத்தி, நன்றாகத்தான் வாசித்தாள்.

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே, தலைவரே. சொல்லியிருந்தா உங்களைப் பிடிவாதக்காரர்னு ஊர் பேசாது. அந்தப் பத்து கையும் தானா இறங்கியிருக்கும்."

வெளியே மண்வெட்டி தரையைச் சுரண்டும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. வதானுகி தனக்குள் திட்டிக்கொண்டே வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தாள். ஹிராகா கையை நீட்டி, ஒரு விரலளவு திறந்திருந்த ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"அன்னிக்குக் குறைஞ்ச ஆள் ஹிசாயே சான்தான்" என்றார் தாழ்ந்த குரலில். "காய்ச்சல்னு படுத்திருந்தாங்க. அவங்களுக்குப் பதிலாத்தான் தோமி சான் வந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது."